வட்டுக்கோட்டையும் வீசகணிதமும்

சென்ட் லோரன்ட்டில் வாழும் எம்மவர் பிள்ளைகள் பலர் இருபடிச் சமன்பாடுகளைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்கின்றனர். வீட்டில் ஐயம் எழும்போது, பாஷை தெரியாதென்று பெற்றோர் ஒதுங்கிவிடுவதுண்டு. ஆனால் இக்கணக்கு எமது மரபுக்கும் தமிழுக்கும் புதியதன்று.

கி.பி. 628இல் பிரமகுப்தர் இத்தகைய சமன்பாடுகளைத் தீர்க்கும் விதியை எழுதிவைத்தார். அவருக்குப் பின்வந்த ஸ்ரீதரர், பின்னங்கள் குறுக்கிடாத எளிய வழியொன்றைக் கூறினார். ஸ்ரீதரரின் வீசகணித நூல் இன்று கிடைக்கவில்லை. எனினும் 1114இல் பிறந்த பாஸ்கராசாரியார் தமது பீஜகணிதத்தில் அவ்விதியை எடுத்துக் காட்டியதால் அது அழியாது நிலைத்தது.

பாஸ்கராசாரியாரின் கணக்கொன்று இது: குரங்குக் கூட்டமொன்றில் எட்டிலொரு பங்கின் வர்க்கம் சோலையில் விளையாடுகிறது, எஞ்சிய 12 குரங்குகள் குன்றின்மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை?

மொத்தத்தைக் 'க' என்க. அதன் வர்க்கத்தை 64ஆல் வகுத்து 12ஐக் கூட்டினால் 'க' வரும். ஒழுங்குபடுத்தினால், 'க'வின் வர்க்கத்திலிருந்து 64கவைக் கழிக்க −768 ஆகும். ஸ்ரீதரர் விதிப்படி இருபுறமும் 4ஆல் பெருக்கி, 64இன் வர்க்கமாகிய 4096ஐ இருபுறமும் கூட்டுக. இடப்புறம் (2க − 64) என்பதன் முழுவர்க்கமாகும், வலப்புறம் 1024. இதன் வர்க்கமூலம் 32 அல்லது −32. எனவே விடை 48 அல்லது 16. இரண்டும் கணக்குக்குப் பொருந்தும்.

இக்கணிதத்தைத் தமிழில் அச்சேற்றிய பெருமை யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியில் கணிதமும் வானசாஸ்திரமும் உயர்தரத்தில் போதிக்கப்பட்டன. அங்கு கணிதம் கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர்.

நூல் வெளிவந்த அதே ஆண்டில் செமினறி மூடப்பட்டது. அங்கு கற்றோர் மதப்பணியை விட்டு உத்தியோகத்தை நாடுகின்றனர் என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறை. ஆசிரியர் கலைந்தனர், மாணவர் கலைந்தனர். தமிழில் எழுதிய நூல் மட்டும் தங்கியது.

வீசம் என்பது பீஜம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். விதை என்பது பொருள். பாடசாலையில் பிரெஞ்சு மொழியில் படித்த கணக்கை வீட்டில் வர்க்கம், வர்க்கமூலம் என்று தமிழ்ச் சொற்களால் ஒருமுறை செய்து பார்க்கும் பிள்ளைக்குக் கணிதமும் தெளியும், தமிழும் தங்கும். பெற்றோர் அதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினாலே போதும்.