கடற்புலிகள்

கடற்புலிகள், தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கடற்படை. எதிரிக் கப்பலில் மோதி வெடித்துச் சாவதற்கென்றே பயிற்சி பெற்ற அதன் சிறப்பு அணிக்குக் கடற்கரும்புலிகள் என்று பெயர். கடற்புலிகள் படை 1984-இல் ஆட்களையும் பொருட்களையும் படகேற்றும் சிறு குழுவாகத் தொடங்கியது; தொண்ணூறுகளில் தனித் தளபதி, பெண்கள் அணி, நீரடி நீச்சல் பிரிவு, படகு கட்டும் துறை என்று விரிந்தது; 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இயக்கத்தோடு முடிந்தது. அதன் நெடுங்காலத் தளபதி சூசை எனப்பட்ட தில்லையம்பலம் சிவனேசன். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, 1992 மே மாதத்திலிருந்து இந்தியாவில் இவ்வியக்கம் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

இந்தப் படையைப் புரிந்துகொள்ள அது பிறந்த கடலைப் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டின் அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவது அலை குறைந்த, சாதுவான நீர்ப்பரப்பு. ராமேஸ்வரம் மீனவர்கள் வடகடல் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான இடங்களில் ஆழம் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. பெரிய போர்க்கப்பல் நுழையத் தயங்கும் இந்தக் கடல் சிறு படகுக்குச் சொந்த வீடு. அக்கரையில் இலங்கையின் வல்வெட்டித்துறை; கப்பல் கட்டுவதும் ஓட்டுவதும் அந்த ஊருக்குப் பரம்பரைத் தொழில். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு இரு கரையும் வைத்திருக்கும் பெயர்கள் ஒன்றுதான். இருட்டில் கரை பிடிக்கும் இந்தக் கைப்பழக்கத்தின் மேல்தான் கடற்புலிகள் எழுந்தார்கள்.

1990 ஜூலை 10 அன்று வல்வெட்டித்துறைக்கு அப்பால் 'எடித்தாரா' என்ற இலங்கைக் கடற்படைக் கப்பல் மீது மூவர் வெடிமருந்துப் படகோடு மோதினர். கடற்கரும்புலிகளின் முதல் தாக்குதல் அது. இறந்தவர்களில் ஒருவர் மேஜர் காந்தரூபன். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக இயக்கம் பின்னர் நடத்திய இல்லத்துக்குக் 'காந்தரூபன் அறிவுச்சோலை' என்று பெயரிட்டார்கள். இயக்கம் இச்சாவுகளைத் தற்கொடை என்றது. வெளியுலகம் தற்கொலை என்றது. 1994 ஆகஸ்டில் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் கப்பலைத் தகர்த்து இறந்த அங்கயற்கண்ணி, முதல் பெண் கடற்கரும்புலி.

இந்த வரலாற்றில் கிளாலிக்கு ஒரு தனி இடம் உண்டு. ஆனையிறவும் பூநகரியும் ராணுவத்தின் கையில் இருந்த 1990-க்குப் பிந்தைய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போக மக்களுக்கு மிஞ்சியது கிளாலிக் களப்பு. விளக்கில்லாத இரவில், ஒரு எஞ்சின் படகின் பின்னால் பல படகுகளைக் கயிற்றால் கோத்து இழுத்துப் போவார்கள். நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், பரீட்சை எழுதப் போகும் மாணவர்கள், மூட்டை முடிச்சுகள் எல்லாம் அந்தச் சங்கிலியில். இலங்கைக் கடற்படை அந்தப் பாதையைத் தடைசெய்திருந்தது. 1993 ஜனவரியில் பயணிகள் பலர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாதைக்குக் காவல் நின்றவர்கள் கடற்புலிகள். அந்தப் படை மீது மக்களுக்கு ஏற்பட்ட பற்றுக்கு எந்தப் பிரசாரத்தையும்விட கிளாலி இரவுகள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

அதே படைதான் 1995 ஏப்ரல் 19 அதிகாலை, திருகோணமலைத் துறைமுகத்தில் நீருக்கடியில் நீந்திச் சென்று 'சூரயா', 'ரணசுரு' என்ற இரண்டு கப்பல்களை மூழ்கடித்தது. சந்திரிகா அரசோடு ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் அதோடு முறிந்தது. போர்த்திற நோக்கில் அது பெரிய சாதனை. ஆனால் ஆறே மாதத்தில், அக்டோபர் 30 அன்று, ராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பியது. அந்தக் கூட்டத்தில் பலர் பிறகு கிளாலியைக் கடந்துதான் வன்னிக்குப் போனார்கள்.

படை தன் உச்சத்தைத் தொட்டது அதற்குப் பின். இலங்கைக் கடற்படையின் அதிவேகத் தாக்குதல் படகை ஈழத்தில் டோரா என்பார்கள். ஒரு டோராவைப் பல சிறு படகுகள் சூழ்ந்து அலைக்கழிக்க, ஒன்று மட்டும் வெடிமருந்தோடு உள்ளே பாயும். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது உதவிக்கு வந்த 'ரணவிரு' கப்பல் இப்படித்தான் மூழ்கியது. 2000 மார்ச் 26 இரவு தளபதி பால்ராஜ் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஆனையிறவுக்குப் பின்னால் குடாரப்பில் தரையிறக்கினார்கள். அடுத்த மாதம் ஆனையிறவு வீழ்ந்தது.

2002 பிப்ரவரிப் போர்நிறுத்தத்தின்போது கிளிநொச்சியில் இயங்கியது ஏறக்குறைய ஓர் அரசு: காவல்துறை, நீதிமன்றங்கள், தமிழீழ வைப்பகம், சுங்க வரி. எந்த நாடும் அங்கீகரிக்காத அந்த அரசுக்குக் கடற்படை இருந்ததே பேச்சுவார்த்தையில் அவிழாத முடிச்சானது. தரையில் எல்லைக்கோடு போட முடிந்தது, கடலில் முடியவில்லை. 2003 அக்டோபரில் புலிகள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சித் திட்டம் அண்டைக் கடலின் வளங்கள் மீதும் உரிமை கேட்டது. அதே ஆண்டுகளில் சிறுவர்களைப் படையில் சேர்ப்பதை யுனிசெப் ஆயிரக்கணக்கில் பதிவுசெய்தது. பிள்ளைகளுக்கு அறிவுச்சோலை நடத்திய நிர்வாகமே வேறு வீட்டுப் பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துப் போனது. இதை எந்த நியாயத்தாலும் மூட முடியாது.

2006-இல் போர் திரும்பியது. அட்மிரல் வசந்த கரன்னகொட காலத்தில் கடற்படை, புலிகளின் பாணியையே எடுத்துக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட சிறு படகுகளைக் கட்டி இறக்கியது. 2007 செப்டம்பரிலும் அக்டோபரிலும், இலங்கைக்கு 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் நின்ற புலிகளின் ஆயுதக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சரக்கு வராத படகுக்கு வேலை ஏது? 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் போயின. பிப்ரவரியில் கடற்புலிகளின் சாளைத் தளமும் போனது. கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்காலை ஒட்டிய கரைத்துண்டில் அடைபட்ட மக்கள் ராணுவத்தின் எறிகணைக்குச் செத்தார்கள்; தப்பி ஓட முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். பொதுமக்களின் சாவு 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் சொன்னது. சூசையும் அங்கேதான் இறந்தார்.

ராமநாதபுரம் கரைக்கு இந்தப் போர் 1983-லேயே வந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போன அகதிகளை இந்தக் கரை பார்த்தது. கடலுக்குப் போனவர்கள் சுடப்பட்டதையும் பார்த்தது. இலங்கை அரசின் பாஸ் முறையும் இரவுத் தடையும் எஞ்சின் கட்டுப்பாடும் அக்கரைத் தமிழ் மீனவர்களைக் கரையிலேயே கட்டிப்போட்டன. காலியான அந்தக் கடலில் இக்கரை விசைப்படகுகளின் இழுவலை ஓடப் பழகியது. 2009-க்குப் பின் அக்கரை மீனவர் வலை எடுத்துத் திரும்பி வந்தபோது, அங்கே நின்றவை நம் படகுகள். அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.

முள்ளிவாய்க்கால் கரையில் 'ஃபாரா-3' என்ற ஜோர்டான் சரக்குக் கப்பலின் கூடு பல காலம் துருப்பிடித்துக் கிடந்தது. 2006 டிசம்பரில் அரிசி மூட்டைகளோடு எஞ்சின் கெட்டு மிதந்து வந்த அதைக் கடற்புலிகள் கைப்பற்றி, மாலுமிகளைக் கரைசேர்த்துவிட்டு, கப்பலைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். 2009-இல் அந்தக் கரையில் எடுத்த படங்களில், பங்கர் வெட்டிப் பதுங்கிய குடும்பங்களுக்குப் பின்னால் அந்தக் கூடு நிற்பது தெரியும். போர் முடிந்த பிறகு இரும்புக்காக அதையும் வெட்டி எடுத்துப் போனார்கள்.