சுண்டிப் பார்த்த பூமி

சந்தையில் பானை வாங்கப் போனால் எங்க அப்பத்தா ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் சுண்டிப் பார்க்கும். கணீர்னு சத்தம் வந்தா நல்ல பானை. சத்தம் அடைத்துக்கொண்டு வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. ஆனால் விரிசல் எங்கே, எவ்வளவு நீளம் என்பதைச் சத்தம் சொல்லாது. பூமிக்குள் இருப்பதைப் பார்க்க நவீன விஞ்ஞானம் செய்வதும் அடிப்படையில் இதேதான்.

நிலநடுக்கமோ வெடியோ கிளப்புகிற அலை எத்தனை நொடியில் எங்கே வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். இறுகிய பாறையில் அலை விரைந்து போகும். நொறுங்கிய பாறையில் தாமதிக்கும். பாறை தெரிந்திருந்தால் அலை வரும் நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இங்கே நேரம் கையில் இருக்கிறது, பாறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு இன்வெர்ஷன் என்று பெயர். நாம் தலைகீழ்க் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கணக்கின் வரலாறு நம் நாட்டு வழியாகவும் போகிறது. 1851ல் நிலக்கரி தேடுவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. அதில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், 1897 ஜூன் 12ல் அஸ்ஸாமை உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்தார். 1500க்கும் மேற்பட்டோர் இறந்த நடுக்கம் அது. தூரத்து ஐரோப்பியக் கருவிகளில் பதிவான கோடுகளில் வெவ்வேறு வகை அலைகளை அவர் பிரித்துக் காட்டினார். 1906ல் பூமிக்கு நடுவே தனியாக ஒரு கரு இருப்பதாக வாதிட்டார். யாரும் போக முடியாத ஆழம் முதன்முறையாகக் காகிதத்தில் வந்தது.

பெரியகுளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. 1899ல் சூரியனை ஆராய அங்கே தொடங்கிய வான் ஆய்வகத்தில் மில்ன் வகை நிலநடுக்கமானி ஒன்றும் வைத்தார்கள். மலைக்கு அப்போது வண்டிச்சாலை கிடையாது. துரைமாரையும் அவர்கள் சாமான்களையும் அடிவாரத்திலிருந்து டோலியிலும் தலைச்சுமையிலும் ஏற்றியவர்கள் நம்ம ஆட்கள். விஞ்ஞான வரலாறு அவர்களைப் பெயர் சொல்லி எழுதுவதில்லை.

1960களில் அதே கொடைக்கானல் உலகளாவிய ஒரு வலைப்பின்னலில் சேர்ந்தது. சோவியத் யூனியன் நிலத்தடியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க அமெரிக்கா நிறுவிய, ஏறத்தாழ 120 நிலையங்கள் கொண்ட வலைப்பின்னல் அது. குண்டுக்காகச் சேர்த்த பதிவுகள் பிறகு பூமியின் உள்ளமைப்பை வரையப் பயன்பட்டன. 1970களில் கெய்டி அகி முதலானோர் கொண்டுவந்த நிலநடுக்க டோமோகிராஃபி, மருத்துவமனை ஸ்கேன்போல பூமியைத் துண்டு துண்டாகக் காட்டியது. காலனியத்தின் நிலக்கரி, பனிப்போரின் குண்டு ஆகிய இரண்டும் திறந்துவிட்ட கண் இது.

இந்தக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. 1960களின் இறுதியில் ஜார்ஜ் பேக்கஸ், ஃப்ரீமேன் கில்பர்ட் இருவரும் இதைக் கணிதமாகவே எடுத்துவைத்தார்கள். ஒரே அலைப்பதிவுக்குப் பொருந்தும்படி எண்ணற்ற பூமிகளை வரைய முடியும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆய்வாளர் ஒரு நிபந்தனை போடுகிறார். பெரும்பாலும் அது 'இருப்பதிலேயே வழவழப்பான படத்தை எடு' என்பதுதான். அலைகள் குறைவாகப் போன இடத்தில் படம் சொல்வது பாறையைப் பற்றியல்ல, அந்த நிபந்தனையைப் பற்றி. சின்ன விரிசல் அந்த வழவழப்பில் காணாமல் போகலாம். ஆக, நாம் பார்க்கிற வண்ணப்படம் ஒரு வாசிப்பு. வாசிப்பவரின் முன்முடிவும் அதில் கலந்திருக்கிறது. இலக்கியம் படித்த நமக்கு இது புதிய செய்தி இல்லை.

நம் பக்கம் வருவோம். குப்பத்திலிருந்து பழனி வரை வெடியதிர்வு அலைகளைக் கொண்டு ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வின் முடிவுகள் 2003ல் நூலாக வந்தன. புவியோடு 40 கிலோமீட்டருக்கும் கூடுதலான தடிமன் கொண்டது என்று காட்டிய முக்கியமான வேலை அது. கண்டத்தின் கதைக்கு அந்த அளவு போதும். ஓர் ஊரின் கிணற்றுக்கோ சுரங்கத்துக்கோ போதாது. எந்த அளவுக்கு உண்மை என்பதும் உண்மையின் ஒரு பகுதிதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இது வெறும் தத்துவப் பிரச்சினை இல்லை. 1895ல் திறந்த முல்லைப்பெரியாறு அணையில் 1979ல் பாதுகாப்பு அச்சம் காரணமாக நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். 2011ல் இடுக்கியில் சிறு நடுக்கங்கள் வந்தபோது அணைக்குக் கீழே இருக்கும் கேரள மக்கள் பயந்தார்கள். இங்கே நம் விவசாயிகள் தண்ணீர் போய்விடுமோ என்று பயந்தார்கள். இரண்டும் நிஜமான பயம். 2012ல் நீதிபதி ஆனந்த் குழு அணை பாதுகாப்பானது என்றது. 2014ல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதிசெய்தது. மக்களுக்குக் கிடைத்தது தீர்ப்பு மட்டும். கணக்கு கிடைக்கவில்லை.

பொட்டிபுரத்திலும் இதே கதைதான். போடி மேற்கு மலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் குடைந்து, சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் பாறைக் கவசத்துக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2017ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018ல் மறுபடி அனுமதி வந்தது. 2022 பிப்ரவரியில் புலிகள் வழித்தடத்தைக் காட்டித் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. மலைக்குள்ளே என்ன இருக்கிறது, வெடி வைத்தால் நீரூற்று என்னாகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டது விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

நம் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். நியூட்ரினோவே ஆபத்து என்று மேடைகளில் பேசினோம். அது தப்பு. நொடிக்குப் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் நம் உடம்பு வழியே ஒன்றும் செய்யாமல் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. தப்பான கேள்வி கேட்டதால், சரியான கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து அவர்களைத் தப்பிக்க விட்டோம்.

சரியான கேள்விகள் எளிமையானவை. எத்தனை கருவி வைத்தீர்கள்? எந்த நிபந்தனை போட்டு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? உங்கள் படம் எவ்வளவு சின்ன விரிசல் வரை பார்க்கும்? எந்த இடத்தில் அதற்குக் கண் தெரியாது? மலையோ அணையோ, அறிக்கை எழுதுகிறவர்கள் இவற்றுக்கான பதிலைத் தமிழில் கிராமசபையில் வைக்கட்டும். பதிவுகளையும் கூடவே கொடுக்கட்டும்; வேறொருவர் அதே அலையிலிருந்து வேறு படம் வரைந்து பார்க்கலாம்.

அப்பத்தா பானையைக் கடைக்காரனையே சுண்டச் சொல்லி வாங்கியதில்லை. தன் விரலால்தான் சுண்டியது.