ஆலமரத்தடியும் வாக்குப்பெட்டியும்

மூன்றடியால் உலகளந்தான் ஒருவன் என்று புராணம் பேசும் ஊர் எங்கள் திருக்கோவிலூர். தானம் கேட்டு வந்தவன் கால், தானம் கொடுத்தவன் தலைமீது விழுந்தது. கொடுத்த மாவலி குற்றவாளியானான், மிதித்தவன் தெய்வமானான்! அந்தப் புராணத்தை ஆராய்வது இன்று என் நோக்கமன்று. ஆனால், மெய்யாகவே உலகளந்த மூன்று அடிகள் எங்கள் பெண்ணையாற்றங்கரையிலே விழுந்த காலம் ஒன்றுண்டு. அது புராண காலமன்று. 1990 முதல் 1999 வரையிலான பத்தாண்டு. தேநீர்க்கடையிலே முழங்கிய ஒலிநாடா முதலடி. கொட்டகையிலே ஓடிய திரைப்படம் இரண்டாமடி. மாடியிலே வானை நோக்கி வாய் திறந்து நின்ற டிஷ் ஆண்டெனாவும், அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஓடிய கேபிள் கம்பியும் மூன்றாமடி. அந்த மூன்றாமடி யார் தலையிலே விழுந்தது? அதைத்தான் தோழர்களே, நாம் ஆராய வேண்டும்.

முதலிலே கருவிகளின் வரலாறு. சென்னையிலே தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. அடுத்த 18 ஆண்டுகள், அந்தப் பெட்டி டில்லியின் பெட்டி. டில்லி பேசினால் பேசும். டில்லி இந்தியிலே பாடினால் அதுவும் பாடும். 1987 இலே இராமாயணம், 1988 இலே மகாபாரதம் என்று ஞாயிறு காலைகளை இதிகாசங்களுக்கு எழுதிக் கொடுத்த பெட்டி அது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தமிழிலே பேசத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலே ராஜ் தொலைக்காட்சி வந்தது. 1995 பிப்ரவரியிலே உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகமல்ல என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலே கேபிள் தொலைக்காட்சிக்கென்று சட்டமும் பிறந்தது.

இசையிலேயோ பெரும் புரட்சி! 1992 இலே 'ரோஜா' படத்தின் வாயிலாக ஏ. ஆர். ரகுமான் எனும் இளைஞர் புதியதோர் ஓசையைக் கொண்டுவந்தார். 1993 இலே பண்ணைப்புரத்து இளையராஜா, இலண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் வாசிக்கச் சிம்பொனி இயற்றினார். தமிழனின் தாளம் கடல் கடந்தது என்று நாடே நிமிர்ந்தது.

ஆம், கருவி புதிது, கம்பி புதிது, ஓசை புதிது. கதை? கதை மட்டும் பழைய ஆலமரத்தடிக்கே திரும்பிற்று!

பட்டியலைப் பாருங்கள். 1992 இலே 'சின்னக் கவுண்டர்'. அதே ஆண்டு தீபாவளிக்குத் 'தேவர் மகன்'. 1993 இலே 'எஜமான்'. 1994 தீபாவளிக்கு 'நாட்டாமை'. தலைப்புகளே போதும், தனியாக விளக்கம் வேண்டா. சாதிப் பட்டம் ஒரு தலைப்பிலே. பரம்பரை ஒரு தலைப்பிலே. ஆண்டான் அடிமை உறவு ஒரு தலைப்பிலே. பதவி ஒரு தலைப்பிலே. ஆலமரம், அதன் கீழே நாற்காலி, நாற்காலியிலே வெள்ளை வேட்டி, தோளிலே துண்டு, பக்கத்திலே சொம்பு. எதிரே கைகட்டி நிற்கும் ஊர்! நான் பிறந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியிலே. ஆகவே இப்படங்களைக் கொட்டகையிலே கண்டவனல்லன். பொங்கலென்றும் தீபாவளியென்றும் வீட்டுக்குள்ளே வந்து, திரும்பத் திரும்ப ஓடி, என் தலைமுறைக்கு மனப்பாடமான படங்கள் இவை. கொட்டகைப் படம் சில வாரம் ஓடி ஓயும். தொலைக்காட்சிப் படத்துக்கு ஓய்வேது? மூன்றாமடியின் வலிமை அதுதான்.

'நாட்டாமை'யை மட்டும் எடுத்துக்கொள்வோம். இயக்கியவர் கே. எஸ். ரவிக்குமார், இரட்டை வேடத்திலே சரத்குமார். பெரும் வெற்றி. மறு ஆண்டே தெலுங்கிலே 'பெத்தராயுடு' ஆயிற்று. படத்தின் முதல் தீர்ப்பு: ஒரு பெண்ணைக் கெடுத்தவனே அவளை மணக்கவேண்டும், அவன் குடும்பத்தை ஊர் 18 ஆண்டு ஒதுக்கி வைக்கவேண்டும். கெடுக்கப்பட்ட பெண்ணின் விருப்பம் யாது என்று கேட்டவர் உண்டோ? இல்லை. அவளைச் சீரழித்தவனே அவளுக்குப் பரிசு! அடுத்த தீர்ப்பு, சொந்தத் தம்பிமீது. கொலைப்பழி சுமத்தப்பட்ட தம்பியை ஊரைவிட்டு ஒதுக்குகிறான் அண்ணன். பழியோ பொய்! பிழையான தீர்ப்பு வழங்கிவிட்டோமே என்ற துயரிலே நாட்டாமை உயிர் துறக்கிறான். உடனே தம்பி அந்த நாற்காலியிலே அமர்கிறான்.

நிதானமாக எண்ணிப் பாருங்கள். தீர்ப்பு தவறென்று படமே சொல்கிறது. சாட்சியை வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. மேல்முறையீடு செய்ய இடமில்லை. உண்மை தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. வெளிப்படாதிருந்தால்? குற்றமற்றவன் குற்றவாளியாகவே மாண்டிருப்பான். இவ்வளவும் காட்டிய பிறகு, அறிவுள்ள கதையின் முடிவு யாதாக இருக்கவேண்டும்? 'இந்த நாற்காலியே வேண்டா' என்பதல்லவா? ஆனால் படம் சொன்னது: ஆள் மாண்டான், நாற்காலி வாழ்க! தீர்ப்பு பிழை, தீர்ப்பளித்தவன் தியாகி, அண்ணனுக்குப் பின் தம்பி. இரத்தத்திலே வரும் நீதி!

அந்த 1994 ஆம் ஆண்டை மறவாதீர்கள். 73 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. அதன்வழித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1994 ஏப்ரலில். ஐந்தாண்டுக்கொரு தேர்தல் உண்டு. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் உண்டு. ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ற இடமும் தலைவர் பதவியும் உண்டு என்றது சட்டம். ஊரின் நாற்காலி இனிப் பிறப்பால் வருவதன்று, வாக்கால் வருவது என்று தரையிலே எழுதினார்கள் ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பரில், ஊரின் நாற்காலி பிறப்பால் வருவது என்று திரையிலே எழுதினார்கள்! சட்டப் புத்தகத்தைப் படித்தோர் எத்தனை பேர்? படத்தைப் பார்த்தோர் எத்தனை பேர்?

விளைவைத் தரையிலே காண்போம். 1996 அக்டோபரிலே புதிய சட்டத்தின்கீழ் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டத்திலே பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலே தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் தேர்தலையே நடக்கவிடவில்லை. முறையாகத் தேர்தல் நடக்க 2006 ஆகவேண்டியிருந்தது. மேலவளவிலே தலைவராக வெற்றி பெற்றார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, பேருந்திலே ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடன் இருந்தோரையும் வெட்டிச் சாய்த்தனர். நாற்காலியிலே யார் அமர்வது என்ற கேள்விக்கு அரிவாள் சொன்ன விடை அது.

அதே 1997 இலே தென்மாவட்டங்கள் சாதித் தீயிலே வெந்தன. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கவேண்டிய நிலை வந்தது. நாங்கள் அன்று வாழ்ந்த விழுப்புரம் மாவட்டமும் தன் பெயரோடு ஒட்டியிருந்த ராமசாமிப் படையாட்சியார் பெயரை அவ்வாறே இழந்தது.

திரைப்படம்தான் இக்கொடுமைகளை ஏவியது என்று நான் கூறவில்லை. மேலவளவின் அரிவாளைத் தீட்டியது நிலமும் சாதியும். ஆனால் அந்த அரிவாளுக்கு அழகு செய்தது எது? மீசைக்கு மாலை சூட்டியது எது? 'தேவர் மகன்' நேர்மையாகவே வன்முறையைக் கைவிடச் சொல்லிற்று. பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றும் சொல்லிற்று. ஊர் அந்த அறிவுரையை விட்டுவிட்டு, பாட்டை எடுத்துக்கொண்டது! அப்படத்துப் பாடலொன்று ஒரு சாதியின் பெருமிதப் பாட்டாகி, ஊர்வலங்களிலே ஒலிபெருக்கி கட்டி முழங்கிற்று. ஒலிநாடா பேசும், விளக்கம் சொல்லாது. பாட்டை மட்டும் சுழலவிட்டால் பாட்டுக்குப் பின்னே வரும் கண்ணீர் யாருக்குக் கேட்கும்?

'உள்ளதைத்தானே படம் காட்டியது?' என்பார் நண்பர் ஒருவர். உள்ளதா? வாருங்கள், எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலைக்கு! சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி அங்கே 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள்! சின்னக் கவுண்டர் வேறு, மலையின் கவுண்டர் வேறு, அறிவேன். ஆனால் பரம்பரை ஆட்சி என்ற பண்டம் ஒன்றுதான். பரம்பரைத் தலைவன் பாசக்காரன், ஊருக்கு அவனே தாயும் தந்தையும் என்பது திரை காட்டிய படம். மலையிலே மக்கள் கண்டதோ வேறு. அவர்களுக்கு வாக்குரிமையே 1996 இலேதான் கிட்டியது, சாலையும் பள்ளியும் மருத்துவமும் இன்னும் போதவில்லை என்ற செய்திகளைக் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றம் 2024 இலே தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. பரம்பரை ஆட்சி விட்டுச்சென்ற சீதனம் இது!

தமிழ்த் திரை எப்போதும் ஆலமரத்தடியிலேயே குந்தியிருந்ததா? இல்லை. அதுவும் ஒரு தீபாவளிதான்; 1952 அக்டோபர் 17. 'பராசக்தி' வெளிவந்த நாள். அதிலே கதாநாயகன் எங்கே நின்றான்? குற்றவாளிக் கூண்டிலே! கூண்டிலே நின்றுகொண்டு, தீர்ப்பளிக்க வந்த சமுதாயத்தையே கேள்வி கேட்டான். கூண்டிலே நின்ற அந்த இளைஞர் சிவாஜி கணேசன். சரியாக 40 தீபாவளி கழிந்து, 1992 இலே, அதே சிவாஜி கணேசன் 'தேவர் மகன்' படத்திலே பெரிய தேவராக நாற்காலியிலே அமர்ந்தார். நடிப்பிலே இரண்டும் சிகரம், அதிலே ஐயமில்லை. ஆனால் தமிழ்த் திரை நடந்த வழியைக் காணுங்கள்: கூண்டிலிருந்து நாற்காலிக்கு! கேள்வி கேட்ட கதாநாயகன் தீர்ப்புச் சொல்லும் கதாநாயகனானான். எதிரே நின்ற மக்களோ பேச்சிழந்த கூட்டமானார்கள்.

இனி நம்பிக்கைக்கு வருவோம். ஏனெனில் மக்கள் வெறும் பொம்மைகளல்லர்.

'சின்னக் கவுண்டர்' ஆக நடித்த விஜயகாந்த், எங்கள் பக்கத்துத் தொகுதியான ரிஷிவந்தியத்திலே 2011 இலே நின்று வென்றார். சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆனார். 2016 இலே உளுந்தூர்ப்பேட்டையிலே நின்றார், தோற்றார். இதுதான் வாக்கின் பெருமை! நாற்காலியைத் தரவும் செய்யும், திரும்பப் பெறவும் செய்யும். திரையிலே எந்தச் சின்னக் கவுண்டரையாவது ஊர் கூடி இறக்கியதுண்டா?

அந்த 2011 இலேயே உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றிலே, கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம், அடியோடு ஒழிக்கத்தக்கது என்றது. மக்களோ அதற்கு முன்பே தம் தீர்ப்பை எழுதிவிட்டனர். 'நாட்டாமை' படத்திலிருந்து இன்றைய இளைஞன் நினைவிலே வைத்திருப்பது எது? தீர்ப்பையா? இல்லை, தீர்ப்பை மாற்றச் சொல்லி நாட்டாமையை நோக்கி எழுந்த ஒரு குரலை! அது இன்று கேலிப் பழமொழி. மேல்முறையீடே இல்லாத மன்றத்திலே மேல்முறையீடு கேட்ட ஒரே குரலை மக்கள் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். மற்ற வீராவேசமெல்லாம் நகைச்சுவைப் படங்களாகிக் கைப்பேசியிலே சிரிப்பாய்ச் சிரிக்கின்றன.

திரையும் திரும்பத் தொடங்கிற்று. 'தேவர் மகன்' படத்திலே ஏவலாளாக வந்து கையை இழந்தவர் வடிவேலு. 2023 இலே மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' படத்திலே அதே வடிவேலு சட்டமன்ற உறுப்பினர். படத்தின் வழக்கே, அவர் நாற்காலியிலே உட்காரலாமா கூடாதா என்பதுதான்! ஏவல் செய்தவர் நாற்காலி கேட்க, திரையிலே 31 ஆண்டுகள் ஆயின.

தரையிலே? 2020 இலே கடலூர் மாவட்டத் தெற்குத்திட்டையிலே, முறையாக வென்ற ஆதிதிராவிடப் பெண் தலைவரைக் கூட்டத்திலே தரையிலே அமரவைத்தார்கள். நம் பழைய தென்னாற்காட்டு மண்ணிலே நடந்த இழிவு அது. மற்றவர்க்கெல்லாம் நாற்காலி; தலைவருக்குத் தரை! வாக்குப்பெட்டி அவரை வெல்ல வைத்தது. ஆலமரம் அவரை உட்காரவிடவில்லை. சட்டம் எழுதி 26 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலை!

ஆகவே இளைஞனே, பாட்டைக் கேள், இசையைச் சுவை, படத்தைப் பார்த்துச் சிரி, அழு. யாரும் தடுக்கவில்லை. ஆனால் பண்டிகைக்குப் பண்டிகை ஆலமரத்தடியைக் காணும் உன் கண்கள், உன் ஊரின் கிராமசபையை எத்தனை முறை கண்டன? சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலே அது கூடுகிறது. அங்கே சென்று பார். தலைவர் நாற்காலியிலே அமர்ந்திருப்பவர் வாக்குப் பெற்றவரா, அவர் பெயரைச் சொல்லி அமர்ந்த வேறொருவரா? பெண் தலைவர் பேசுகிறாரா, அவர் கணவர் பேசுகிறாரா? காலனித் தெருக்காரருக்கும் இருக்கை உண்டா? கணக்கு படிக்கப்படுகிறதா? எழுந்து நின்று கேள். கூண்டிலே நின்றவன் 1952 இலே கேட்டான்; குடிமகனாய் நிற்கும் நீ கேட்க அஞ்சுவதா?

ஆலமரத்துக்கு விழுது உண்டு. விழுது ஊன்றினால் வேராகும். அதனிடம் கேள்வி கேட்க முடியாது. வாக்குப்பெட்டிக்கு வேரில்லை, ஐந்தாண்டுக்கொருமுறை நம்மிடம் வந்துதான் தீரவேண்டும். அதனாலேதான் அது நம்முடையது.