வராத பிள்ளையின் பெயர்: பள்ளி வருகைப் பதிவேடும் திருச்சபையும்

பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் பெயர் கூப்பிட்டு, வந்தவரையும் வராதவரையும் ஏட்டில் குறித்துவைப்பது நமக்கு மிகவும் பழகிப்போன வழக்கம். இஃது அரசாங்க அலுவலகத்தில் பிறந்த வழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும் சமயச் சீர்திருத்த இயக்கம் பரவிய ஜெர்மானிய நாடுகளின் வரலாற்றை நோக்குவோமாயின், இவ்வேட்டைத் தொடக்கத்தில் ஏந்திய கைகளுள் போதகரின் கையும் ஒன்று என்பது விளங்கும். வராத பிள்ளைக்காகக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் யார் என்னும் கேள்விக்கு அந்நாடுகள் அளித்த விடைகளை இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

லூத்தரின் வேண்டுகோள்

மடங்கள் மூடப்பட்டு, பழைய திருச்சபைப் பதவிகள் மறைந்தபோது, பிள்ளைகளைப் படிக்கவைப்பதனால் என்ன வருவாய் என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினர். 1524ஆம் ஆண்டில் நகர மன்றத்தார்க்கு எழுதிய மடலில், பள்ளிகளை நிறுவுமாறு லூத்தர் வேண்டினார். 1530ஆம் ஆண்டில், ஆக்ஸ்பர்க் மாநாடு நடைபெற்ற நாள்களில் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது, பிள்ளைகளைப் பள்ளியில் நிலைத்திருக்கச் செய்யும் கடமையைப் பற்றி ஒரு பிரசங்கத்தை எழுதி, அதனைக் குருமார்க்கு அனுப்பினார். போர்க்காலத்தில் ஆயுதம் ஏந்தக் குடிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஆள்வோர்க்கு உண்டெனில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அவர்கட்கு உண்டு என்பது அவர் வாதம். எனினும், போதகரும் அரசு அலுவலரும் ஆகத்தக்க ஆற்றலுள்ள சிறுவரையே அவர் அங்கு முதன்மையாகக் கருதினார் என்பதை நாம் மறத்தலாகாது.

பெயர்ப்பட்டியல்

எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கிய ஏற்பாட்டை 1619ஆம் ஆண்டின் வைமார் பள்ளி ஒழுங்கில் காண்கிறோம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் அனைவரின் பெயர்களையும் போதகரும் பள்ளி ஆசிரியரும் பட்டியலிட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரிடம் முதலில் பேசுதல் வேண்டும். அவர்கள் இணங்காவிடில் அரசு அதிகாரம் துணைக்கு வரும். 1642ஆம் ஆண்டில் கோத்தா நாட்டுக் கோமகன் எர்னஸ்டின் ஆட்சியில் வெளிவந்த பள்ளி முறைமையும் கட்டாய வருகையை வற்புறுத்தி, தவறிய பெற்றோர்க்குத் தண்டம் விதித்தது. முதலில் பேச்சு, பின்னரே தண்டம் என்னும் வைமார் வரிசை நம் கருத்துக்குரியது.

பிரஷ்யாவின் சட்டம்

பிரஷ்ய மன்னர் முதலாம் பிரடெரிக் வில்லியம் 1717ஆம் ஆண்டில், பள்ளிகள் உள்ள இடங்களில் பிள்ளைகளை அனுப்புமாறு ஆணையிட்டார். ஏழாண்டுப் போர் முடிந்த 1763ஆம் ஆண்டில் அவர் மகன் இரண்டாம் பிரடெரிக் விரிவான நாட்டுப்புறப் பள்ளிச் சட்டத்தை வெளியிட்டார். அதனை வரைந்தவர் ஹெக்கர் என்னும் போதகர். ஹால்லே நகரில் பிராங்கேயின் நிறுவனங்களில் ஆசிரியராய் இருந்தவர்.

ஐந்து வயது முதல் பதின்மூன்று அல்லது பதினான்கு வயது வரை பிள்ளைகள் கற்க வேண்டும் என்றது இச்சட்டம். போதகரின் அறிவுரைக்குப் பின்னும் பிள்ளையை அனுப்பாதவர்க்கு 16 குரோஷன் தண்டம் விதித்தது. ஆனால் அது தண்டத்தோடு நின்றுவிடவில்லை. பிள்ளை வராமைக்குரிய காரணங்களையும் அது எண்ணிப் பார்த்தது. மாடு மேய்க்கும் வேலை பிள்ளைகளைப் பள்ளியினின்று இழுத்துச் செல்வதைக் கண்டு, இயன்ற ஊர்களில் தனியே மேய்ப்பனை அமர்த்துமாறு பணித்தது. கட்டணம் செலுத்த இயலாத ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தைச் சபையின் அல்லது ஊரின் பொதுநிதி ஏற்க வேண்டும் என்றது. போதகர் வாரத்துக்கு இருமுறை பள்ளியைப் பார்வையிட வேண்டும் என்றும் விதித்தது.

இருப்பினும் சட்டம் நெடுங்காலம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆசிரியரின் ஊதியம் அற்பமாயிருந்தது. பிள்ளைகளின் உழைப்பின்றிக் குடியானவர் வாழ இயலவில்லை. வறுமைக்குத் தண்டம் மருந்தாகாது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

ஹால்லேயிலிருந்து தரங்கம்பாடிக்கு

அதே ஹால்லேயின் பக்தி இயக்கத்தில் பயின்ற சீகன்பால்கு, புளுச்சோவுடன் 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கரையேறினார். அடுத்த ஆண்டிலேயே அங்குப் பள்ளிகள் தொடங்கின; சிறுமியர்க்கும் பள்ளி ஏற்பட்டது. பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆகவே உணவும் உடையும் உறைவிடமும் அளித்துப் பிள்ளைகளைக் கற்பித்தனர். பசி நீங்கினாலன்றிப் பாடம் நிலைக்காது என்னும் இவ்வுண்மையைப் பிற்காலத்துப் பொதுவாழ்வும் ஏற்றது. 1920ஆம் ஆண்டில் தியாகராயச் செட்டியாரின் தலைமையில் சென்னை மாநகராட்சி தன் பள்ளியில் நண்பகல் உணவு அளித்தது. 1956ஆம் ஆண்டில் காமராசரின் ஆட்சி அதனை மாநில அளவில் விரிவாக்கத் தொடங்கியது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையின் வருகையை உறுதிசெய்யும் கடமையை அரசின்மேலும் உள்ளாட்சியின்மேலும் சுமத்துகிறது. பெற்றோர்க்குத் தண்டம் விதிக்கவில்லை. 1763ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒப்பிடுகையில், கணக்குக் கொடுக்க வேண்டியவர் மாறியிருப்பதைக் காண்கிறோம்.

நமக்குரிய படிப்பினை

நம் போதகருள் பலர் பள்ளித் தாளாளராகவும் பணியாற்றுகின்றனர். பதிவேட்டில் கையொப்பமிடுகையில் நாம் வருகையின் விழுக்காட்டை மட்டும் நோக்குகிறோமா, வராத பிள்ளையின் பெயரையும் நோக்குகிறோமா? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், அவ்வாடு காணாமற்போனதை அவன் எண்ணிப் பார்த்தே அறிந்திருப்பான் என்பதையும் நினைத்தல் நன்று. எண்ணுதல் தேடுதலின் தொடக்கம், அதுவே முடிவன்று.

மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியரோ சபை மூப்பரோ செல்வது நம் பள்ளிகளில் ஒழுங்காதல் வேண்டும். அங்கு நோயோ கடனோ கூலிவேலையோ காரணமெனக் கண்டால், அது சபையின் ஆலோசனைக்கு வருதல் வேண்டும். பெற்றோரைக் கண்டிப்பதற்கு முன் காரணத்தைக் கேட்டறிவோமாக.