நடைப்பிணமும் நால்வர் துணையும்

தமிழில் ‘நடைப்பிணம்’ என்றொரு சொல் உண்டு. உயிர் இருந்தும் உணர்வு மங்கி, தன் விருப்பம் என்பதே இன்றிப் பிறர் ஏவலுக்கு நடமாடும் மனிதனைக் குறிக்க அச்சொல் வழங்கி வருகிறது. ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடுகளிலும், கூலாய், குளுவாங், சிகாமட் போன்ற நகரங்களின் குடியிருப்புகளிலும் மாலை வேளையில் கணினித் திரையின் முன் அமரும் இளைஞர் சிலர் இந்த நடைப்பிணங்களோடுதான் போர் புரிகின்றனர். ‘ஸோம்பி’ என உலகம் அழைக்கும் அவ்வுரு, திரையில் கூட்டம் கூட்டமாக ஓடி வருகிறது. நான்கு தோழர்கள் நான்கு வீடுகளில் இருந்தபடியே ஒருவரையொருவர் கூவியழைத்து, விழுந்தவனைத் தூக்கிவிட்டு, மருந்தைப் பகிர்ந்துகொண்டு அதனை எதிர்க்கின்றனர்.

அடுத்த அறையில் இருக்கும் பெற்றோருக்கு அது வெறும் கூச்சலாகவே கேட்கக்கூடும். ஆயினும் அவ்விளையாட்டின் பின்னே இரு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று மறைந்து கிடக்கிறது. அது தோட்டத்தில் தொடங்கிய வரலாறு. தோட்டத்தில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் ஜொகூரில் வாழ்வதால், அதனை அறிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு எனலாம்.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த அச்சம்

ஸோம்பி பற்றிய நம்பிக்கை கரிபியன் கடலிலுள்ள ஹைத்தி நாட்டில் உருப்பெற்றது. பிரெஞ்சுக்காரர் அந்நாட்டை ஆண்ட காலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொணரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் உழைத்து மடிந்தனர். இறந்தபின் உயிர் ஆப்பிரிக்கத் தாயகத்திற்குத் திரும்பிவிடும் என்பதே அவர்களுக்கு எஞ்சியிருந்த ஆறுதல். அந்த ஆறுதலையும் பறிப்பதாக எழுந்தது ஸோம்பிக் கதை. மந்திரவாதி ஒருவன் புதைகுழியிலிருந்து பிணத்தை எழுப்பி, மீண்டும் வயலில் வேலை வாங்குவான் என்பது அக்கதையின் சாரம். சாவும் விடுவிக்காத அடிமைத்தனத்தை விடக் கொடியதொன்றை அம்மக்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. ஸோம்பி தம்மைக் கடிக்கும் என்று அவர்கள் அஞ்சவில்லை. தாமே ஸோம்பியாகிவிடுவோமோ என்றுதான் அஞ்சினர்.

1791ஆம் ஆண்டில் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஹைத்தி தன் விடுதலையை அறிவித்தது. ஆனால் 1915 முதல் 1934 வரை அந்நாடு அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அக்காலத்தில் அங்குச் சென்று வந்த வில்லியம் சீப்ரூக் என்னும் எழுத்தாளர் 1929இல் வெளியிட்ட நூல், கரும்பு வயலில் வேலை செய்யும் ஸோம்பிகளின் கதையை அமெரிக்க வாசகருக்கு அறிமுகம் செய்தது. உப்பைச் சுவைத்த கணமே ஸோம்பிக்குத் தன் நிலை விளங்கிவிடும், அது வேலையை விட்டெறிந்து தன் குழி நோக்கி நடந்துவிடும் என்னும் நம்பிக்கையும் ஹைத்தி மக்களிடம் உண்டு. தமிழர் வாழ்வில் உப்பு நன்றிக்கு அடையாளம்; ஹைத்தியில் அதுவே விழிப்புக்கு அடையாளமாயிற்று.

திரையில் மாறிய முகம்

1932இல் ‘ஒயிட் ஸோம்பி’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் ஆலை முதலாளி ஒருவன் பிணங்களைக் கொண்டு சர்க்கரை ஆலையை ஓட்டுகிறான். அவற்றில் ஒன்று எந்திரத்துள் விழுந்தபோதும் ஏனையவை திரும்பிப் பாராமல் உருளையைச் சுற்றுகின்றன. தோட்டத்தின் நினைவு அப்படத்தில் இன்னும் அழியாதிருந்தது.

1968இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ அந்த நினைவை மாற்றியமைத்தது. முதலாளியும் மந்திரவாதியும் மறைந்தனர். பசி கொண்ட பிணங்கள் மட்டும் எஞ்சின. பண்ணை வீடொன்றில் அடைபட்ட எழுவர் ஒன்றுகூடி நில்லாமல், நிலவறையில் ஒளிவதா மேல்தளத்தைக் காப்பதா என்று தம்முள் பூசலிட்டு அழிகின்றனர். இரவெல்லாம் போராடி உயிர் பிழைத்த கறுப்பின இளைஞனும் விடியலில், மீட்க வந்தவர்களாலேயே பிணம் எனக் கருதப்பட்டுச் சுடப்படுகிறான். புறத்தே நிற்கும் பகையினும் அகத்தே விளையும் பிளவு கொடிது என்பதே அப்படம் விட்டுச் சென்ற பாடம்.

அந்தப் பாடத்தை விதியாகவே மாற்றி அமைத்த கணினி விளையாட்டு ‘லெஃப்ட் ஃபோர் டெட்’. அது 2008ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகம் அடுத்த ஆண்டே தொடர்ந்தது. நோயுற்று அறிவிழந்த மனிதக் கூட்டத்தினிடையே நால்வர் ஊர் ஊராகத் தப்பிச் செல்வதுதான் கதை. பின்னர் வந்த இவ்வகைக் கூட்டு விளையாட்டுகள் பலவற்றிற்கு அது முன்மாதிரியாயிற்று.

பகையின் வகைகள்

பேய்களை வகைப்படுத்திக் காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் முடப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய் எனப் பல உண்டு. ஒவ்வொன்றும் அந்நிலை அடைந்ததற்கு ஒரு காரணமும் அங்குக் கூறப்படும். இவ்விளையாட்டிலும் பொதுவான கூட்டத்தினின்று வேறுபட்ட சிறப்புப் பகைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு நோக்கத்தோடு படைக்கப்பட்டுள்ளன.

‘ஹண்டர்’ என்னும் வேட்டையன் இருளில் பதுங்கியிருந்து, கூட்டத்தை விட்டு விலகியவன் மீது பாய்ந்து அவனைத் தரையோடு அழுத்திவிடுவான். அழுத்தப்பட்டவனால் ஒன்றும் செய்ய இயலாது. தோழன் வந்தால்தான் மீட்சி. ‘ஸ்மோக்கர்’ தொலைவில் மறைந்து நின்று நீண்ட நாவினால் ஒருவனைச் சுற்றி இழுத்துச் செல்வான். பின்தங்கி வருபவனே அவனுக்கு எளிய இரை. பருத்த உடலுடைய ‘பூமர்’ உமிழும் பித்தநீர் கண்ணை மறைப்பதோடு, பெருங்கூட்டத்தையும் அவ்விடம் ஈர்த்துவிடும். அவனை அருகில் சுட்டால் அவன் வெடித்து அனைவரையும் நனைப்பான்; ஆதலால் தொலைவிலேயே சுட வேண்டும், அல்லது தள்ளிவிட்டுப் பின்வாங்க வேண்டும்.

இவற்றைக் கண்டு அஞ்சி நால்வரும் ஒரு மூலையில் ஒடுங்கினால், இரண்டாம் பாகத்தில் வரும் ‘ஸ்பிட்டர்’ அம்மூலையிலேயே அமிலத்தை உமிழ்ந்து அவர்களைக் கலைத்துவிடும். ஒன்றாக இருப்பது வேறு, முடங்கிக் கிடப்பது வேறு என்பதை அது கற்பிக்கிறது. ‘டேங்க்’ என்னும் பேருருவனைத் தனியொருவன் வீழ்த்துவது அரிது. அவன் துரத்தும் ஒருவன் ஓடிக்கொண்டே இருக்க, ஏனைய மூவரும் இடைவிடாது சுட்டால்தான் அவன் சாய்வான். இவற்றிற்கெல்லாம் மாறானவள் ‘விட்ச்’. அவள் ஓரிடத்தில் அமர்ந்து அழுதுகொண்டிருப்பாள். விளக்கை அணைத்து, ஓசையின்றி விலகிச் சென்றால் தீங்கில்லை. வீரம் காட்ட எண்ணிச் சீண்டியவன் வீழ்ந்தான். எல்லாப் பகையும் போரிட்டே வெல்லத்தக்கதன்று என்பதற்கு அவளே சான்று.

பகை பலவாயினும் அவற்றின் தந்திரம் பெரும்பாலும் ஒன்றே: நால்வரில் ஒருவனைத் தனியனாக்குதல். தோழர்மீது தவறிப்படும் குண்டும் அவர்களைக் காயப்படுத்தும் என்பதால், பதற்றமும் ஒரு பகையாகிறது.

ஜொகூர்த் தோட்டத்தில் கண்ட பகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. கங்காணிகள் வழியாகத் தமிழகத்து ஊர்களிலிருந்து வந்தோர் லயங்களில் குடியேறினர். அவர்கள் ஹைத்தியின் அடிமைகள் போல் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டை மறத்தல் வரலாற்றுக்குப் பிழை. எனினும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தண்டலின் குரலுக்கு நடந்து, பால் வெட்டி, மீண்டும் லயத்திற்குத் திரும்பிய வாழ்வில் மனிதன் நடைப்பிணமாகிவிடும் அபாயம் இல்லாமலில்லை.

அவர்களைச் சூழ்ந்த பகைகளும் பல வகையின. மலேரியாக் காய்ச்சல் ஒன்று. கூலியைக் கரைத்த கள்ளுக்கடை மற்றொன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர், பலர் திரும்பவேயில்லை. 1950களில் வந்ததோ தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரர் விற்ற தோட்டங்களை வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்க, வேலையோடு வீட்டையும் தொழிலாளர் இழந்தனர். ஒரு குடும்பத்தைத் தனியே பிரித்து வெளியேற்றுவது எளிது. அதுவே அப்பகையின் வலிமை.

அதற்கு மறுமொழியும் ஒன்றுகூடலாகவே அமைந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிக் கூலிக்காகப் பேசியது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி செலுத்துமாறு தொழிலாளரை வேண்டினார். அப்பணத்தால் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. துண்டாடலின் முன் தனியே நிற்கும் தொழிலாளி ஒன்றும் செய்ய இயலாதவன். சிறுகச் சேர்த்த பலர், தோட்டத்தின் உரிமையாளராயினர். கூலிக் குறைவுக்குச் சங்கம், துண்டாடலுக்குக் கூட்டுறவு என்று பகைக்கேற்ற படை வகுக்கப்பட்டது.

மறவாதிருக்க வேண்டுவது

நால்வர் துணையோடு திரையில் போரிடும் ஜொகூர் மாணவன், தன் பாட்டன் லயத்தில் கற்ற பாடத்தையே வேறு வடிவில் கற்கிறான். அது நன்று. ஆயினும் அவன் சுட்டு வீழ்த்தும் அந்த உரு, தொடக்கத்தில் ஒரு கொடியவனாகப் படைக்கப்படவில்லை. தன் பெயரும் விருப்பமும் பறிக்கப்பட்டு, சாவுக்குப் பின்னும் உழைக்கப் பணிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நிழல் அது. கரும்பு வெட்டியவனின் துயரத்தை உலகம் மறந்து, அவனையே இலக்காக்கி விளையாடுகிறது.

இலக்கிய வகுப்பில் கலிங்கத்துப்பரணியின் பேய்களை விளக்கும் ஆசிரியர், ஒரு நாள் இந்தப் பேயின் கதையையும் சேர்த்துக் கூறலாம். விளையாட்டைத் தடுக்க வேண்டுமென்பதில்லை. திரையை அணைத்த பின், தன் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து புறப்பட்டது, அங்கு விழுந்தவரை யார் தூக்கிவிட்டார் என்று அம்மாணவன் வீட்டுப் பெரியவரிடம் கேட்பானாயின், ஹைத்திக் கதையின் அந்த ஒரு சிட்டிகை உப்பு அவன் நாவிலும் பட்டுவிட்டது எனலாம்.