கையுறை இல்லாத மிக்கி

திருப்பூரில் தைக்கப்படும் குழந்தை உடுப்புகளில் எலியோ வாத்தோ கரடியோ நெஞ்சில் நின்று சிரிப்பது வழக்கம். அந்த முகம் எந்த ஆண்டு முகம் என்று பிரிண்டிங் பட்டறைகளில் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தில் வந்த மிக்கி மௌஸ், இன்றைய மிக்கிக்குப் பெரியப்பா போல இருப்பான். அப் ஐவெர்க்ஸ் வரைந்த அந்த எலிக்குக் கூர்மூக்கு, குச்சிக் கைகால், வெறுங்கை. சேட்டையும் அதிகம், அகப்பட்ட பிராணிகளையெல்லாம் முறுக்கியும் இழுத்தும் வாத்தியமாக வாசித்துத் தள்ளுகிறான். கறுப்பு உடம்பின் மேல் கறுப்புக் கை வந்தால் எடுபடாது. அதனால் 1929இல் வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். கருந்துணியில் நிறம் எடுபட முதலில் வெள்ளை அண்டர்பேஸ் அடிக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

1930 ஜனவரியில் செய்தித்தாள் சித்திரத் தொடருக்குள் நுழைந்தான். 1939இல் வந்த ‘தி பாயிண்டர்’ படத்தில் வெண்விழியும் கருமணியும் கிடைத்தன. தலை பெருத்தது, உடம்பு உருண்டது, குறும்பு அடங்கியது. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் இந்த மாற்றத்தை அளந்தே பார்த்து, மிக்கிக்கு வயது ஏற ஏற உருவம் குழந்தையாகிக்கொண்டே போகிறது என்று காட்டினார். பெருந்தலையும் பெரிய கண்ணும் கண்டால் மனிதனுக்கு அணைக்கத் தோன்றும் என்ற கான்ராட் லாரன்ஸின் கருத்தே அவருக்கு அடிப்படை. பச்சைக்குழந்தை உடுப்புக்கு அந்த முகம் பொருந்துவதில் வியப்பில்லை.

எல்லா மிருகமும் இப்படிக் குழந்தையாவதில்லை. சிவகாசி லயன் காமிக்ஸ் வழியே தமிழ் வாசகர் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்ட சிக்பில், ஷெரிஃப் டாக்புல், கிட் ஆர்டின் ஆகியோர் 1953இல் ஓவியர் திபே வரையத் தொடங்கியபோது மிருக முகம் கொண்டவர்கள். பிரஸ்ஸல்ஸில் டிஸ்னி இதழுக்கு வரைந்து பழகிய கை அது. சில கதைகளுக்குள் மனிதராகிவிட்டார்கள். நல்லதே நடந்தது, டாக்புல்லின் கோபம் மனித முகத்தில்தான் சிரிப்பூட்டுகிறது.

இந்த வரலாறு காமிக்ஸ் பித்தர்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுக் காப்புரிமைக் காலம் முடிந்து, 1928ஆம் ஆண்டு மிக்கி 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. 1929இன் கையுறை மிக்கி 2025இல் சேர்ந்தான். 1939இன் கண் 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுபோக, டிஸ்னியின் வணிகக்குறி உரிமைகள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன.

ஆகவே, டிசைன் போடும் தம்பி தங்கையரே, ஃபிலிம் எடுக்கும் முன் கை, கண், மூக்கு மூன்றையும் பாருங்கள். 1928 உடம்பில் 1939 கண்ணை வைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிடாதீர்கள்.