புதுக்கடையும் நிதித்துறைக் கல்வியும்

புதுக்கடை என்னும் பெயரிலே கடை உண்டு. ஆயினும் அப்பெயரைக் கேட்கும் கொழும்புத் தமிழர் மனத்தில் எழுவது நீதிமன்றமே. 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையில் மாண்ட தம் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் ஒல்லாந்தர் இவ்விடத்தை ஹல்ஃப்ட்ஸ்டோர்ப் என்றனர். நிதித்துறையிற் புக விழையும் மாணவர் எப்பட்டத்தைத் தெரிதல் வேண்டும் என்ற வினாவை வழக்காடுமிடத்திலே தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இலங்கையில் அவ்வினாவின் வரலாறு இதன் சுற்றுப்புறத்திலேதான் கிடக்கின்றது.

இங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ளது செட்டியார் தெரு. ஆங்கில வங்கிகள் சுதேச வணிகரை நம்பி நேரே கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அவ்வங்கிகளிடம் பணம் பெற்றுத் தம் பொறுப்பிலே வணிகருக்கு வழங்கினர். இத்தொழிலுக்குப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. செட்டிநாட்டிலிருந்து வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாக அமர்ந்து, அடுத்தாளாகி, பின்னர் கடையை நடத்தும் முகவனானான். எண்சுவடியின் கீழ்வாயிலக்கம் அவன் நாவில் இருந்தது. வட்டியை மனத்திலே கணித்தான். பேரேட்டை எழுதியெழுதிக் கற்றான். கடன் கேட்டு வந்தவனின் நாணயத்தை எடைபோடும் கலையை எந்த விரிவுரை மண்டபமும் அவனளவுக்குக் கற்பித்திருக்குமோ என்பது ஐயமே.

கடன் திரும்பாதபோது வழக்குப் புதுக்கடைக்கு வந்தது. ஈட்டுறுதி, வாக்குறுதிச் சீட்டு, முறிவு என வாதாடிய அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் பணம் செல்லும் வழியையும் அது நின்றுபோகும் இடத்தையும் அறிந்தனர். 1874இல் சட்டக் கல்விச் சபை நிறுவப்பட்டது. அதன்பின், பணத்தை ஆள விரும்பிய நடுத்தர வகுப்பினருக்கும் சட்டமே முதற் படிப்பாயிற்று.

கணக்கும் பொருளியலும் தனிக் கல்வியாக மதிக்கப்பெற்றமைக்குக் காரணம் அறிவார்வம் மட்டுமன்று. அடுத்தடுத்து நேர்ந்த வீழ்ச்சிகளுமாம். 1869 முதல் கோப்பிச் செடியைப் பீடித்த நோய் தோட்டங்களை அழிக்க, 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நாணயத்தாள்கள் வெறுந்தாளாகாதபடி தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் பிணையை அளித்தார். 1925இல் பெருஞ் செட்டியார் நிறுவனமொன்று நொடித்ததும் ஆங்கில வங்கிகள் கைகளை இறுக்கிக்கொண்டன. பம்பாய் வங்கியாளர் சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1934இல் அறிக்கை தந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. இனி எழுதுவினைஞரும் அதிகாரிகளும் வேண்டும். அவர்களை எங்கே உருவாக்குவது?

1906இல் அருணாசலம் முதலியோர் தொடங்கிய பல்கலைக் கழக இயக்கத்தின் பயனாக 1921இல் கொழும்பிலே பல்கலைக் கழகக் கல்லூரி திறக்கப்பட்டிருந்தது. எனினும் 1942 வரை அதன் மாணவர் எழுதியது இலண்டன் பரீட்சையே.

இதற்கிடையில் புதுக்கடையின் செல்வாக்குக் குன்றியதா? இல்லை. 1947இல் முதல் நிதியமைச்சரான ஜே. ஆர். ஜயவர்த்தனா சட்டக் கல்லூரியில் பயின்ற அப்புக்காத்து. 1949இன் நாணய விதிச் சட்டம் அவர் காலத்தது. ஆனால் 1950இல் மத்திய வங்கியின் முதல் ஆளுநராக அமெரிக்கப் பொருளியலாளர் ஜோன் எக்ஸ்டரை வரவழைக்க வேண்டியிருந்தது. சட்டம் வாயிலைத் திறந்தது. உள்ளே அமர்வதற்குப் பொருளியல் தேவைப்பட்டது. இன்னொரு நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா இலண்டனில் லஸ்கியின் மாணவர்; அவர் ஆராய்ந்ததோ நிதியையன்று, அரசியல் யாப்பையும் பாராளுமன்ற நடைமுறையையும்.

1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தை அமைத்தபோது, பட்டத்துக்குப் புறம்பான ஒரு வாயில் திறந்தது. அதன் அருமை எழுபதுகளிலே தமிழ் மாணவருக்குத் தெரிந்தது. தரப்படுத்தலினால் மருத்துவமும் பொறியியலும் எட்டாமற்போன வீடுகளில், கொட்டாஞ்சேனையிலாயினும் வெள்ளவத்தையிலாயினும், கணக்கியற் பரீட்சை புதிய நம்பிக்கையாயிற்று. அதற்குப் பல்கலைக் கழக அனுமதி வேண்டியதில்லை. மாவட்டப் பங்கீடும் இல்லை. கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்து, குறைந்த கொடுப்பனவுக்குப் பகலெல்லாம் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்த்து, இரவிலே படித்தல் வேண்டும். செட்டியார் தெருவின் பெட்டியடிப் பையன் வேறு கோலத்தில் மீண்டுவந்தான் என்றே எமக்குத் தோன்றுகின்றது. வணிகமாணிப் பட்டத்தை இகழ்வது எம் நோக்கமன்று; கணக்கின் பின்னணியை அது விரிவாகக் காட்டும். ஆனால் கணக்காய்வு அறிக்கையிற் கையொப்பமிடும் உரிமையை அது தானாகத் தருவதில்லை என்பதைச் சேருமுன்னரே அறிதல் நன்று.

2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றபின், அந்த வழக்கும் புதுக்கடைக்கே வந்தது. 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானோர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அவர்களுள் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் இருவரும் இருந்தனர். ஒருவர் பட்டயக் கணக்காளர். மற்றவர் பொருளியற் பேராசிரியர்.